ஹெபடைடிஸ் சி: முதலில் மாத்திரையா, முதலில் குழந்தையா?

கேள்வி: எனக்கு வயது 33. திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சினைப்பை நீர்க்கட்டிக்கு லேப்ராஸ்கோப்பி செய்வதற்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் 'ஹெச்.சி.வி. (ஹெபடைடிஸ் சி வைரஸ்) ரியாக்டிவ்' என்று வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. 'கல்லீரல் டாக்டரைப் பாருங்கள், அதுவரை கர்ப்பம் வேண்டாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. ஆறு வயதில் ஒரு விபத்தின்போது எனக்கு ரத்தம் ஏற்றியதாக அம்மா சொல்கிறார். ஏற்கெனவே வயது ஏறிக்கொண்டே போகிறது. முதலில் ஒரு குழந்தையைப் பெற்றுக்கொண்டு பிறகு சிகிச்சை எடுத்தால் ஆகாதா? குழந்தைக்கும் தொற்றுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா? மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: தாராளமாகக் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். ஆனால் முதலில் மாத்திரை, அப்புறம் குழந்தை. இந்த வரிசையை மாற்ற வேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணத்தைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இப்போது உங்கள் உடம்பில் வைரஸ் இருக்கிறதா என்பதையே இன்னும் யாரும் பார்க்கவில்லை. அங்கிருந்து தொடங்குவோம்.

ஆபரேஷனுக்கு முன் எடுத்தது ஆன்டிபாடி சோதனை, அதாவது வைரஸை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடும் சோதனை. அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'ரியாக்டிவ்' என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 9.8 என்றோ 14.2 என்றோ ஓர் எண் இருக்கலாம். 'பதினாலு இருக்கு டாக்டர், ரொம்ப அதிகமா?' என்று அதைக் காட்டிக் கேட்பவர்கள் நிறைய. அதற்கும் வைரஸின் அளவுக்கும் சம்பந்தமில்லை. 'ரியாக்டிவ்' என்று சொல்வதற்கு லேப் வைத்திருக்கும் கோட்டை உங்கள் ரத்தம் எத்தனை மடங்கு தாண்டியது என்பதுதான் அந்தக் கணக்கு. என்றோ ஒருநாள் இந்த வைரஸ் உங்கள் உடம்புக்குள் வந்திருக்கிறது என்பதற்கு மேல் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. சில நேரம் தவறாகவும் ரியாக்டிவ் காட்டும். தொற்று ஏற்பட்டவர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேருக்கு மருந்தே இல்லாமல் ஆறு மாதத்துக்குள் வைரஸ் போய்விடுகிறது. வைரஸ் போனாலும் ஆன்டிபாடி பெரும்பாலும் ஆயுசுக்கும் நிற்கும்.

எனவே நீங்கள் எடுக்க வேண்டியது 'ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ.' என்ற பி.சி.ஆர். சோதனை; வைரஸையே நேரடியாகத் தேடுவது இதுதான். அதில் வைரஸ் இல்லை என்று வந்தால், ஒருமுறை டாக்டரிடம் காட்டி உறுதிசெய்துகொண்டு கர்ப்பத்துக்குத் திட்டமிடலாம். மாத்திரையும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். வைரஸ் இருக்கிறது என்று வந்தால் அதன் அளவாக எட்டு லட்சம், இருபது லட்சம் என்று எண் வரும். பயப்படாதீர்கள். எண் பெரிதாக இருப்பதால் கல்லீரல் அதிகம் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, மருந்தும் மாறாது.

எங்கிருந்து வந்தது என்பதற்கு உங்கள் அம்மா சொன்னதிலேயே பதில் இருக்கலாம். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததே 1989இல்தான். நம் நாட்டில் தானம் வரும் ரத்தம் முழுவதையும் இதற்காகச் சோதிக்கும் வழக்கம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கட்டாயமானது. நீங்கள் ஆறு வயதில் ஏற்றிக்கொண்ட ரத்தம் அதற்கு முந்தையது. சரியாகக் கொதிக்க வைக்காத ஊசி, பல் பிடுங்கியது, பச்சை குத்தியது என்று வேறு வழிகளும் உண்டு. யார் மேல் தப்பு என்று வீட்டில் விசாரணை நடத்துவதில் எந்தப் பயனும் இல்லை.

வைரஸ் இருந்தால் அடுத்து பார்க்க வேண்டியது, கல்லீரலில் தழும்பு எவ்வளவு என்பது. தொந்தரவே இல்லை என்கிறீர்கள். இருபது, முப்பது வருஷம் வரை இந்த நோய் சத்தமே போடாது, அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. ரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதியின் அளவையும் தட்டணுக்கள் எண்ணிக்கையையும் வைத்தே ஓரளவு கணிக்கலாம். கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் இருந்தால் இன்னும் நல்லது. வலிக்காது, பத்து நிமிட வேலை. கூடவே ஹெபடைடிஸ் பி, ஹெச்.ஐ.வி. சோதனைகளும் அவசியம். பி வைரஸ் உடம்பில் பதுங்கியிருந்தால், சி வைரஸை விரட்டும்போது அது தலைதூக்கலாம்.

ஒருவேளை சிரோசிஸ், அதாவது கல்லீரல் முழுக்கத் தழும்பேறிய நிலை என்று தெரிந்தால் இந்தப் பதிலின் பாதி உங்களுக்குப் பொருந்தாது. எண்டோஸ்கோப்பி செய்து உணவுக்குழாயில் ரத்தக்குழாய் வீக்கம் இருக்கிறதா என்று கர்ப்பத்துக்கு முன்பே பார்க்க வேண்டும். பிரசவமும் எல்லா வசதியும் உள்ள பெரிய மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். 33 வயதில் பெரும்பாலோர் அந்தக் கட்டத்தில் இருப்பதில்லை.

இப்போது உங்கள் முக்கியக் கேள்விக்கு வருகிறேன். முதலில் குழந்தை, பிறகு சிகிச்சை என்றால் என்ன ஆகும்? நாளை காலையே கர்ப்பமானாலும் பத்து மாதம். கர்ப்ப காலத்தில் இந்த மாத்திரைகளை வழக்கமாகக் கொடுப்பதில்லை. சிறிய ஆய்வுகளில் கெடுதல் எதுவும் தெரியவில்லை என்றாலும், எல்லோருக்கும் கொடுக்கலாம் என்று சொல்லும் அளவுக்குத் தகவல் சேரவில்லை. பிறகு தாய்ப்பால் கொடுக்கும் காலம். அப்போதும் மருந்தைத் தள்ளிப்போடுவதுதான் வழக்கம். ஆக, சிகிச்சை தொடங்கவே இரண்டு வருஷம் ஆகிவிடும். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எந்தத் தாய் தனக்காக ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறாள்? பிரசவத்துக்குப் பிறகு வருகிறேன் என்று போகிறவர்களில் பலர் திரும்பி வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, வாழ்க்கை அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும்.

இதில் குழந்தையின் பக்கமும் ஒன்று உண்டு. ரத்தத்தில் வைரஸ் உள்ள தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 5 முதல் 6 சதவீதம். கூடவே ஹெச்.ஐ.வி. இருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு குழந்தைகள் தப்பிக்கின்றன என்பது ஆறுதல்தான். ஆனால் மாத்திரை சாப்பிட்டுக் குணமானபின் கருத்தரித்தால் அந்த ஐந்தோ ஆறோகூட இல்லை. ஹெபடைடிஸ் பி-க்குப் பிறந்த குழந்தைக்கு ஊசி போட்டுத் தடுப்பதுபோல, சி-க்குத் தடுப்பூசி எதுவும் கிடையாது. 'ஊசி போட்டால் போதும்' என்று யாராவது சொன்னால், அவர் பி-யைப் பற்றிப் பேசுகிறார். தாய் முன்கூட்டியே குணமாவது ஒன்றுதான் இங்கே தடுப்பு.

மறுபக்கக் கணக்கைப் பாருங்கள். மாத்திரை 12 வாரம், அதன்பின் காத்திருப்பு 12 வாரம். மொத்தம் ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடும். 33 வயதில் ஆறு மாதம் ஒரு பெரிய இழப்பில்லை. நாற்பதை நெருங்கும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், மகப்பேறு மருத்துவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வேறு மாதிரி யோசித்திருப்பேன்.

மாத்திரை என்றதும் பழைய கதைகள் பயமுறுத்தும். மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஊசி, காய்ச்சல், முடி கொட்டுதல், அத்தனையும் பட்டபின்னும் பாதிப் பேருக்குத்தான் குணம் என்பது ஒரு காலத்தில் உண்மை. 2013இல் சோஃபோஸ்புவிர் என்ற புதிய மாத்திரை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது ஒரு மாத்திரை ஆயிரம் டாலர். இன்று அதே மருந்தை நம் ஊர் கம்பெனிகள் தயாரிக்கின்றன. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ், பி.சி.ஆர். சோதனையும் மாத்திரையும் அரசு மையங்களில் இலவசம். உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல், கல்லீரல் பிரிவு எங்கே என்று கேட்டுப் போங்கள்.

சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு அங்கே வழக்கமாகக் கொடுப்பது சோஃபோஸ்புவிரும் டக்ளாடஸ்விரும். சிலருக்கு சோஃபோஸ்புவிரும் வெல்படஸ்விரும் சேர்ந்த ஒரே மாத்திரை. டப்பாவில் 28 மாத்திரை இருக்கும், மொத்தம் மூன்று டப்பா. நாளுக்கு ஒரு வேளை, ஒரே நேரத்தில். லேசான தலைவலி, சோர்வு தவிர பெரும்பாலோருக்கு ஒன்றும் இருக்காது. நூற்றில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை, நெஞ்செரிச்சல் மாத்திரை பற்றி. நம்மில் பலர் காலையில் காபிக்கு முன் பேன்டோபிரசோலை மிட்டாய் மாதிரி விழுங்குகிறோம். வெல்படஸ்விர் உள்ள மாத்திரை உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும், அமிலத்தைக் குறைத்தால் மருந்து சரியாகச் சேராது. வலிப்பு மாத்திரை, காசநோய் மாத்திரை எடுப்பவர்கள் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். சில கூட்டணிகள் சோஃபோஸ்புவிரைச் செயலிழக்கச் செய்துவிடும்.

இந்த 12 வாரமும் கர்ப்பம் தரிக்கக் கூடாது. முதல் டப்பாவைத் திறப்பதற்கு முன் கர்ப்பப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். பிறகு ஆணுறையோ கருத்தடை மாத்திரையோ, மகப்பேறு மருத்துவர் சொல்வதுபோல. சோஃபோஸ்புவிரோடு டக்ளாடஸ்விர், வெல்படஸ்விர் எது சேர்ந்தாலும் கருத்தடை மாத்திரை ஒத்துப்போகும். வளைகுடாவிலோ கனடாவிலோ இருந்து இதைப் படிக்கும் வாசகிகளுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அங்கே எட்டு வாரச் சிகிச்சையாகத் தரப்படும் கிளெகாப்ரெவிர், பிப்ரென்டஸ்விர் கூட்டணியோடு ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சேரும்போது கல்லீரல் நொதிகள் எகிறலாம். டாக்டரிடம் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

ரிபாவிரின் என்ற மருந்து தனி வகை. கல்லீரல் மிகவும் பழுதானவர்களுக்கும், முதல் சிகிச்சை பலிக்காத சிலருக்கும் இதைச் சேர்ப்பார்கள். கருவில் ஊனம் உண்டாக்கும் மருந்து இது. இதை எடுத்த பெண் சிகிச்சை முடிந்தும் 9 மாதம், கணவர் எடுத்திருந்தால் 6 மாதம் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும். உங்கள் சீட்டில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

கடைசி மாத்திரை போட்ட மறுநாளே முயற்சி செய்யலாமா என்று கேட்பீர்கள். சோஃபோஸ்புவிர் சில நாட்களில் உடம்பை விட்டுப் போய்விடும், அதனால் மருந்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இருந்தாலும் நான் பொறுங்கள் என்றுதான் சொல்வேன். 12 வாரம் கழித்து எடுக்கும் பி.சி.ஆர். சோதனையில் வைரஸ் இல்லை என்று வந்தால்தான் குணம் என்று கணக்கு. வைரஸ் போகாத அந்தச் சிலருக்கு இரண்டாவது சிகிச்சையில் ரிபாவிரின் வரலாம். அந்த நேரத்தில் வயிற்றில் கரு இருந்தால் தர்மசங்கடம். காத்திருக்கும் மாதங்களில் ரூபெல்லா, ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டுக்கொண்டீர்களா என்று பாருங்கள். ரூபெல்லா ஊசி போட்டால் ஒரு மாதம் கருத்தரிக்கக் கூடாது. ஃபோலிக் அமில மாத்திரையையும் அப்போதே தொடங்கிவிடலாம்.

எதிர்பாராமல் மாத்திரைக் காலத்திலேயே கர்ப்பமாகிவிட்டால் கலைத்துவிட ஓடாதீர்கள், மாத்திரையை நீங்களாகவும் நிறுத்தாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். ரிபாவிரின் இல்லாத சிகிச்சையில் கருவைக் கலைக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

குணமான பிறகு ஒரு வேடிக்கை நடக்கும், அதற்குத் தயாராக இருங்கள். கர்ப்பமானதும் எங்கே ரத்தம் கொடுத்தாலும் 'ஹெச்.சி.வி. ரியாக்டிவ்' என்றுதான் திரும்பவும் வரும். முன்பே சொன்னேனே, ஆன்டிபாடி போகாது. நர்ஸ் முகம் மாறும், உங்கள் கணவருக்கு வியர்க்கும். குணமானதற்கான பி.சி.ஆர். ரிப்போர்ட்டை நகலெடுத்துத் தாய் சேய் நல அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அதைக் காட்டினால் பேச்சு முடிந்தது. குழந்தைக்கும் இதே கதைதான்: உங்கள் ஆன்டிபாடி தொப்புள்கொடி வழியாகப் போயிருக்கும், ஒன்றரை வயது வரை சோதித்தால் ரியாக்டிவ் காட்டலாம். குழந்தைக்கு நோய் வந்துவிட்டது என்று யாராவது பதறினால் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே கர்ப்பமாக இருந்து, ரத்தத்தில் வைரஸும் இருப்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்குச் சுருக்கமாக: இதற்காக மட்டும் சிசேரியன் தேவையில்லை, அதனால் தொற்று குறைவதாக நிரூபணம் இல்லை. பனிக்குடம் உடைந்தபின் பிரசவம் வெகுநேரம் நீளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளங்கை, உள்ளங்காலில் தாங்க முடியாத அரிப்பு வந்தால் அலட்சியம் வேண்டாம். அப்படி அரிக்க வைக்கும், பித்தநீர் தேங்கும் பிரச்சினை இந்தத் தொற்று உள்ளவர்களுக்குச் சற்று அதிகம். தாய்ப்பால் கொடுக்கலாம். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் ஆறும்வரை அந்தப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுங்கள். குழந்தைக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு பி.சி.ஆர்., அல்லது 18 மாதத்தில் ஆன்டிபாடி சோதனை. தொற்றியிருந்தாலும் பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும், சரியாகாவிட்டால் மூன்று வயது முதல் மாத்திரை உண்டு.

கணவரும் ஒருமுறை சோதித்துக்கொள்ளட்டும். தம்பதிக்குள் உறவு மூலம் தொற்றுவது மிக அபூர்வம். ரேசர், நகவெட்டி, டூத்பிரஷ் மட்டும் தனியாக இருக்கட்டும். ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே சோப்புப் போடலாம், நீங்களே சமைக்கலாம்.

மாமியார் விஷயம்: கணவருக்கும் பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும் தெரிந்தால் போதும். மற்றவர்களிடம் சொல்வது உங்கள் விருப்பம். மாத்திரை டப்பாவைப் பார்த்து அவர் கேட்டால், கல்லீரலுக்கு மூன்று மாத மருந்து என்று சொல்லுங்கள், அது உண்மைதானே. கல்லீரல் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி நீட்டுவார். கீழாநெல்லி இந்த வைரஸை விரட்டியதாக நிரூபணம் இல்லை. மாத்திரையோடு எது சேர்ந்து என்ன செய்யும் என்று தெரியாத நிலையில், அந்த 12 வாரமும் எந்த நாட்டு மருந்தும் வேண்டாம். டாக்டர் திட்டுவார் என்று என் பெயரில் சொல்லிவிடுங்கள். வெறும் மோர் என்றால் தாராளமாகக் குடிக்கலாம்.