தூரமா, ஏற்றமா?

கேள்வி: சமதளத்தில் 80 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். மலையும் பள்ளத்தாக்குமான பகுதியில் பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: தூரத்தை விடுங்கள், மொத்த ஏற்றத்தைப் பாருங்கள். 10 கி.மீ.யில் 500 மீட்டர் ஏறினால் சராசரி சரிவு 5 சதவீதம்தான், ஆனால் அதில் பாதி சமமாகவும் மீதி 10 சதவீதமாகவும் இருந்தாலும் கணக்கு அதேதான் வரும், கால்களுக்குத்தான் வித்தியாசம் தெரியும். அதனால் ஒவ்வொரு கிலோமீட்டரின் ஏற்றத்தையும் தனியாகப் பாருங்கள். முதல் தடவை ஆற்றை ஒட்டிய சாலையில் போங்கள், அது பெரும்பாலும் மெல்லத்தான் ஏறும். பள்ளத்தாக்குகளை இணைக்கும் குறுக்குச் சாலைகள்தான் செங்குத்து, அவசரப்படாதீர்கள். அப்புறம், இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வராதீர்கள், சூடேறிவிடும்; வளைவுக்கு முன்பே அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுத் திரும்புங்கள்.