பழைய கேம்பர் வேனிலிருந்து இறக்கும் இன்ஜினுக்கு நல்ல விலை கிடைக்குமா?

கிடைக்கும். ஆனால் இன்ஜின் இன்னும் வேனில்தான் இருக்கிறது என்றால் அவசரப்பட்டு இறக்காதீர்கள். உங்களிடம் இருப்பது 1970களின் ஃபோக்ஸ்வேகன் டி2, அதில் வேறு இன்ஜின் போடப் போகிறீர்கள், பழையது பழைய இரும்பு விலைக்காவது போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே வகை வேனின் 1600 சிசி இன்ஜினை விற்றிருக்கிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

இந்த வேன்களில் ஸ்டார்ட்டர் மோட்டார் கியர்பாக்ஸ் பக்கம்தான் பொருத்தப்பட்டிருக்கும். இன்ஜினை இறக்கிவிட்டால் ஸ்டார்ட்டர் வேனிலேயே நின்றுவிடும். அப்புறம் "ஓடுகிற இன்ஜின்தான், நம்புங்கள்" என்று வாயால் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வாங்க வருகிறவர் நம்பமாட்டார், நம்பவும் தேவையில்லை. அதனால் வேனில் இருக்கும்போதே, முழுதாகக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து வீடியோ எடுத்துவிடுங்கள். முதலில் கிராங்க்கேஸில் (இன்ஜினின் அடிப்படைக் கூடு) அடித்திருக்கும் இன்ஜின் எண், பிறகு ஸ்டார்ட் ஆவது, ஆயில் விளக்கு அணைவது, சூடான பிறகு ஐடிலிங், புகைக்குழாய். எல்லாம் வெட்டாத ஒரே பதிவாக இருக்கட்டும். நான் விற்றபோது விலையைக் குறைத்துக் கேட்டவர்கள்கூட இதைப் பார்த்த பிறகு பேச்சை மாற்றினார்கள்.

அடுத்து, விஷயம் தெரிந்தவர் வந்தால் என்ன செய்வார் என்று நீங்களே முன்கூட்டிச் செய்து பாருங்கள். வந்ததும் கிராங்க் புல்லியை, அதாவது இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டின் முனையிலுள்ள பெல்ட் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் இழுப்பார். கையில் 'டக்' என்று ஆட்டம் தெரிந்தால் அவர் முகமே மாறிவிடும். அந்த அச்சு ஆட்டம் 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், 0.15 தாண்டினால் தேய்மானம். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் அளவுகருவி) வைத்து அளந்து எழுதிவையுங்கள். கம்ப்ரஷனையும் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) நான்கு சிலிண்டரிலும் பாருங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்பதைத்தான் வாங்குபவர் கவனிப்பார். முக்கியமாக மூன்றாவது சிலிண்டர். பழைய அமைப்பில் ஆயில் கூலர் அந்தப் பக்கத்துக்குப் போகும் காற்றை மறைக்கும். சூடேறி எக்ஸாஸ்ட் வால்வு போவது அங்கேதான். 1971 மாடலில் கூலரைத் தனிக் கூட்டுக்கு நகர்த்தினார்கள். உங்களுடையது அந்த அமைப்பு என்றால் விளம்பரத்தில் மறக்காமல் சொல்லுங்கள்.

எந்த இன்ஜின் என்பதும் விலையை நிறையவே மாற்றும். விசிறி மேலே நிமிர்ந்து நிற்கும் 1600 என்றால் பீட்டில் கார் வைத்திருப்பவர்களும் வருவார்கள், ஆள் பஞ்சம் இருக்காது. ஆனால் அதற்குப் புதிய கிராங்க்கேஸே இன்றும் வாங்கலாம் என்பதால் விலை ஓரளவுக்கு மேல் ஏறாது. விசிறி கிராங்க் முனையிலேயே இருக்கும் தட்டையான இன்ஜின் (1972 மாடலில் 1700 சிசியாக வந்து, பிறகு 1800, 2000 ஆனது) என்றால் கதை வேறு. அதே குடும்பத்து இன்ஜின் போர்ஷே 914 காரிலும் இருந்தது. பாகங்கள் அவ்வளவு எளிதில் கிடைக்காது. எனவே ஹெட்டில் (சிலிண்டரை மூடும், வால்வுகள் இருக்கும் பகுதி) விரிசல் விட்டிருந்தாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள், கேட்பதற்கு ஆள் உண்டு.

தகடுகளைக் கழற்றித் தனியாக விற்கலாமா என்று தோன்றும். வேண்டாம். காற்றால் குளிரும் இன்ஜினுக்குச் சுற்றியிருக்கும் அந்தத் தகடுகள்தான் ரேடியேட்டரின் வேலையைச் செய்கின்றன. ஒரு சின்னத் துண்டு இல்லாவிட்டாலும் வாங்கியவர் அதைத் தேடி அலைய வேண்டும், அந்த அலைச்சலையும் விலையில் கழிப்பார். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஃப்ளைவீல் எல்லாம் இருக்கிறபடியே போகட்டும். புதிய இன்ஜினுக்கு நீங்கள் எடுத்துக்கொள்வது ஏதாவது இருந்தால் படம் எடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

பளபளப்பாகக் கழுவி வெள்ளி பெயின்ட் அடித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அப்படி ஒரு இன்ஜினைப் பார்த்தாலே சந்தேகம்தான் வரும்: எங்கே கசிந்ததோ? மண்ணைத் துடைத்தால் போதும், கசிவு இருந்தால் தெரியட்டும்.

விலை வைக்கும்போது மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விளம்பரத்தில் என்ன போட்டிருந்தால் என்ன? "ரீபில்டு" (பிரித்துப் புதுப்பித்தது) என்று எழுத வேண்டுமானால் ரசீதுகள் வேண்டும். எந்த பேரிங், எந்த பிஸ்டன், யார் வேலை என்று காட்ட முடியாவிட்டால் அந்தச் சொல்லையே விட்டுவிடுங்கள். ஜாம் ஆன இன்ஜின் என்றால் அப்படியே எழுதுங்கள். அதையும் கிராங்க்கேஸுக்காகவும் ஹெட்டுக்காகவும் வாங்குவார்கள், என்ன, விலைதான் குறையும்.

உங்கள் வண்டியின் பதிவு ஆவணத்தில் இன்ஜின் எண் இருந்தால், மாற்றுவதைப் பதிவு அலுவலகத்தில் முதலில் தெரிவித்துவிடுங்கள். வாங்குபவருக்கும் எண், தேதி, "இருக்கிற நிலையில் விற்கப்பட்டது" என்ற வரி எல்லாம் போட்டு ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து போடுங்கள். லாரியில் அனுப்புவதானால் ஆயிலையும் பெட்ரோலையும் முழுக்க வடித்து, திறந்த துளைகளை அடைத்து, மரப் பலகையில் பட்டை போட்டுக் கட்டுங்கள். கட்டும்போது புல்லி மேலோ தகடு மேலோ இழுவை விழக்கூடாது, கிராங்க்கேஸ்தான் பாரத்தைத் தாங்க வேண்டும்.