ஓடுதளத்திலிருந்து தார் ரோட்டுக்கு: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி (மண்டபம் வாசகர்): என் தம்பிக்கு 22 வயது. ட்ராக்கில் 10,000 மீட்டரை 30 நிமிடம் 30 விநாடியில் ஓடுகிறான். "ட்ராக்ல காசு இல்லண்ணே, நேரா மாரத்தானுக்குப் போயிடுறேன்" என்கிறான். விடலாமா?

பதில்: காசு விஷயத்தில் தம்பி சொல்வது சரிதான். ட்ராக்கில் கிடைக்கும் பதக்கமும் சான்றிதழும் வேலைக்கு உதவும். கையில் பணமாக வருவது பெரும்பாலும் சாலைப் போட்டியில்தான். மும்பை மாரத்தான், டெல்லி அரை மாரத்தான், கொல்கத்தா 25 கி.மீ., பெங்களூரு 10 கி.மீ. போன்றவற்றில் இந்திய ஓட்டக்காரர்களுக்கென்றே தனிப் பரிசு உண்டு. ஆனால் "நேரா மாரத்தான்" என்பதை ஏற்க மாட்டோம்.

30:30 என்றால் கிலோமீட்டருக்கு 3:03. வழக்கமான கணக்குப்படி இந்த வேகத்துக்கு அரை மாரத்தான் 67 நிமிடம் 20 விநாடி வரும், அதாவது கிலோமீட்டருக்கு 3:11. முழு மாரத்தான் 2 மணி 20 நிமிடம் என்று வரும். அரை மாரத்தான் கணக்கை தம்பியால் ஆறு மாதத்தில் நிஜமாக்க முடியும். முழு மாரத்தான் கணக்கு, வாராவாரம் நிறைய கிலோமீட்டர் ஓடிப் பழகிய காலுக்குத்தான் பொருந்தும். அந்த அடித்தளம் இல்லாதவருக்கு 30 கி.மீ. வரை எல்லாம் சரியாகத் தெரியும். அதன் பிறகு தசையில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து தீர்ந்து, ஒவ்வொரு கிலோமீட்டரும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று நீளும்.

முதல் ஆண்டு 10 கி.மீ., அரை மாரத்தான் போதும். இப்போது வாரம் 110 கி.மீ. ஓடுகிறார் என்றால் மூன்று வாரம் ஐந்தைந்து கி.மீ.யாகக் கூட்டி, நான்காவது வாரம் கால் பங்கைக் குறைக்கட்டும். ஞாயிறு நீண்ட ஓட்டம் 26 கி.மீ.; அதில் கடைசி 8 கி.மீ. அரை மாரத்தான் வேகத்தில். ஸ்பைக்ஸை (ட்ராக்கில் போடும் ஆணி ஷூவை) மட்டும் பரணில் போட்டுவிடக் கூடாது. வாரம் ஒரு நாள் 1,000 மீட்டர் ஆறு தடவை, 10,000 மீட்டர் வேகத்தைவிடச் சற்று விரைவாக ஓடட்டும். அவினாஷ் சாப்ளே 2020-இல் டெல்லியில் 1:00:30 ஓடி அரை மாரத்தான் தேசிய சாதனை படைத்தது ஸ்டீபிள்சேஸ் (ட்ராக்கில் தடைகளையும் நீர்க்குழியையும் தாண்டி ஓடும் போட்டி) வீரராக இருந்துகொண்டேதான். 2024-இல் பாரிஸ் டயமண்ட் லீக் போட்டியில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸை 8:09.91-இல் முடித்தார். ட்ராக் வேகம் கையில் இருக்கும்வரை ரோட்டுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம். போன வேகத்தை மறுபடி பிடிப்பது கஷ்டம்.

கேள்வி (கீழக்கரை வாசகர்): ரோட்டில் போடும் கார்பன் பிளேட் ஷூவையே (அடியில் கார்பன் தகடு வைத்தது) ட்ராக் போட்டிக்கும் போடலாமா?

பதில்: கூடாது. சிக்கல் அடிப்பாகத்தின் தடிமனில். உலகத் தடகள அமைப்பின் விதிப்படி சாலைப் போட்டிக்கு அது 40 மி.மீ. வரை இருக்கலாம். ட்ராக்கில் 2024 நவம்பர் 1 முதல் எல்லா ஓட்டங்களுக்கும் 20 மி.மீ.தான். ரோட்டிலும் கவனம் தேவை: 2021 வியன்னா மாரத்தானில் முதலில் வந்த டெராரா ஹுரிசா 5 செ.மீ. அடிப்பாகம் கொண்ட ஷூ போட்டிருந்ததால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். வாங்குமுன் அங்கீகரிக்கப்பட்ட ஷூ பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சி மாடல்கள் சில 40-ஐத் தாண்டும்.

கேள்வி (ராமநாதபுரம் வாசகர்): ஒரு ஷூ கம்பெனி மகனுக்கு இரண்டு ஜோடி ஷூவும், கையெழுத்துப் போடச் சொல்லி மூன்று ஆண்டுக்கான எட்டுப் பக்க ஆங்கில ஒப்பந்தமும் அனுப்பியிருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், கையெழுத்துப் போடும்வரை அந்த ஷூவைப் போட்டியில் போட வேண்டாம். மகன் ராணுவம், ரயில்வே, போலீஸ் வேலையில் இருந்தால் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் வந்த பிறகே பேச்சு.

ஷூ, உடை மட்டும் தருகிறார்களா, ஆண்டுத் தொகையும் உண்டா என்று பாருங்கள். தொகை இல்லாமல் "வேறு எந்தக் கம்பெனிப் பொருளையும் அணியக் கூடாது" என்று மட்டும் எழுதியிருந்தால், இரண்டு ஜோடி ஷூவுக்கு மகனின் காலை மூன்று ஆண்டு குத்தகைக்கு விடுகிறீர்கள். அப்படியானால் காலத்தை ஓராண்டாகக் குறைக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, குறைப்பு விதி. ஆண்டுக்கு இத்தனை போட்டி ஓடாவிட்டால், தரவரிசை இறங்கினால், காயத்தால் இத்தனை நாள் ஓடாவிட்டால் தொகை குறையும் என்று எங்காவது நடுப்பக்கத்தில் இருக்கும். முதல் பக்கத்துத் தொகையைவிட இதுதான் முக்கியம். ட்ராக்கிலிருந்து மாறும் ஆண்டில் இது இன்னும் கடிக்கும்: மாரத்தான்காரர் ஆண்டுக்கு இரண்டு, மூன்று பெரிய போட்டிதான் ஓட முடியும். "பத்துப் போட்டி" என்று ட்ராக் கணக்கில் எழுதியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள்.

நேரத்துக்கான போனஸ் இருந்தால் எந்தப் பாதையில் ஓடிய நேரம் செல்லும் என்று கேளுங்கள். சாதனைக்கு ஏற்ற பாதை என்றால் அளவு சரிபார்த்த சைக்கிள் முறையில் அளந்திருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு 1 மீட்டருக்கு மேல் இறக்கம் கூடாது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள நேர்த்தூரம் மொத்தத் தொலைவில் பாதிக்கு மேல் போகக் கூடாது. பைக் மீட்டரில் அளந்த உள்ளூர் ஓட்டத்தில் என்ன நேரம் வந்தாலும் போனஸ் வராது.

கடைசிப் பக்கத்தில் "முன்னுரிமை" என்று ஒன்று வரும். ஒப்பந்தம் முடிந்த பிறகு வேறு கம்பெனி தரும் தொகையை இவர்களிடம் காட்ட வேண்டும். அதையே இவர்கள் தந்தால் இவர்களோடுதான் இருக்க வேண்டும். அமெரிக்க 800 மீட்டர் வீரர் போரிஸ் பெரியன் மீது 2016-இல் நைக்கி இதை வைத்து வழக்குப் போட்டது. இன்னொரு ஷூ கம்பெனியான நியூ பேலன்ஸ் தரும் சலுகையில் குறைப்பு விதி இல்லை, அதனால் நைக்கி தருவது அதற்குச் சமமே அல்ல என்பது அவர் தரப்பு. பிறகு நைக்கி வழக்கைக் கைவிட்டது. மகனின் ஒப்பந்தத்தில் இந்த விதியை எடுக்க மறுத்தால், "சமம்" என்றால் குறைப்பு விதி உட்பட எல்லாமே சமம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குத் தரும் கட்டணம் வீண் போகாது.

கேள்வி (சாயல்குடி வாசகர்): கிழக்குக் கடற்கரைச் சாலையில் பயிற்சி. ஆனி, ஆடியில் கச்சான் காற்றில் வாட்ச் சொல்லும் வேகமே வருவதில்லை. வலது முழங்காலின் வெளிப்பக்கமும் வலிக்கிறது.

பதில்: அந்த மாதங்களில் வேகத்தைப் பார்க்காமல் இதயத் துடிப்பைப் பார்த்து ஓடுங்கள். காற்றை எதிர்த்துப் போய், காற்றோடு திரும்புங்கள். ஆனால் தண்ணீரைத் திரும்பும் வழிக்கு அதிகம் வைத்துக்கொள்ளுங்கள்: காற்று முதுகில் தள்ளும்போது வியர்வை காயாது, உடம்பு சூடேறும்.

வலிக்கு ரோட்டின் சரிவு காரணமாக இருக்கலாம். தார் ரோடு நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழும். எதிரே வரும் வண்டியைப் பார்த்து வலது ஓரமாகவே போக, வர ஓடினால் இரண்டு வழியிலும் வலது கால்தான் தாழ்வில் விழும். வாரத்தில் பாதி தூரத்தைச் சமதளத்துக்கு மாற்றுங்கள். மைதானத்தில் பாதிச் சுற்றுகளை எதிர்த்திசையில் ஓடுங்கள். இரண்டு வாரத்தில் குறையாவிட்டால் பிசியோவிடம் காட்டுங்கள். தனுஷ்கோடி ரோடு ஆசை காட்டும், ஆனால் காற்று மணலை ரோட்டில் கொண்டுவந்து போட்டிருக்கும். உயர அடிப்பாக ஷூ மணலில் வழுக்கினால் கணுக்கால் பிசகும்.

தண்ணீர் பற்றி இன்னொன்று: ட்ராக்கில் பாட்டில் பழக்கம் கிடையாது, ரோட்டில் ஏறக்குறைய 5 கி.மீ.க்கு ஒரு மேசை. 500 மி.லி. தண்ணீரில் 30 கிராம் சர்க்கரை, அரைக்கால் டீஸ்பூன் உப்பு. பயிற்சியிலும் 5 கி.மீ.க்கு ஒரு ஸ்டூலில் வையுங்கள். பாட்டிலின் கழுத்தைப் பிடித்து எடுங்கள். பாட்டிலின் நடுவைப் பிடித்தால் நழுவும். மேசைக்கு 150 மி.லி., மூன்று மிடறாக. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: குடித்ததையும் கூட்டிய பிறகு, 1 கிலோ குறைவு ஏறக்குறைய 1 லிட்டர் வியர்வை.

கேள்வி (தேவிபட்டினம் வாசகி): கல்யாணம், குழந்தை என்றால் ஸ்பான்சர் தொகை நின்றுவிடுமா?

பதில்: ஒப்பந்தத்தில் எழுதியதைப் பொறுத்தது. அல்லிசன் ஃபெலிக்ஸ் உள்ளிட்ட அமெரிக்க வீராங்கனைகள் 2019-இல் வெளிப்படையாகப் பேசிய பிறகு, கர்ப்பத்தைக் காரணம் காட்டி 18 மாதத்துக்குத் தொகையைக் குறைப்பதில்லை என்று நைக்கி அறிவித்தது. உங்கள் ஒப்பந்தத்தில் அதே 18 மாதத்தைக் கேளுங்கள். தயங்காமல் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.