ஒரே அடியில் முடித்துவிடலாமே?

கேள்வி: முதல் உலகப்போர் ஓர் இளவரசரைச் சுட்டதால் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஒரு கொலைக்காக உலகமே அடித்துக்கொள்ளுமா? இன்றைக்கும் நாடுகள் முறைத்துக்கொள்வதை டிவியில் பார்த்தால், 'பேச்சென்ன பேச்சு, ஒரே அடியில் முடித்துவிட வேண்டியதுதானே' என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படியே பெரிதானாலும், எங்கோ நடக்கும் சண்டை நம்மை என்ன செய்துவிடும்?
- வாசகர், விருத்தாசலம்

பதில்: ஒரு கேள்வி என்று எழுதி மூன்று கேட்டிருக்கிறீர்கள். பரவாயில்லை, மூன்றுக்கும் 1914-லேயே பதில் இருக்கிறது.

உங்கள் 'ஒரே அடி' யோசனை புதிதல்ல. ஆஸ்திரியா-ஹங்கேரியின் தலைமைத் தளபதி கான்ராட் என்பவருக்கு இரவும் பகலும் அதே பேச்சுதான். செர்பியாவை அடித்துவிடலாம் என்று 1913-ல் மட்டும் இருபது தடவைக்கு மேல் அனுமதி கேட்டவர். அவருக்குக் குறுக்கே நின்றவர்களில் முக்கியமானவர் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். 1914 ஜூன் 28 அன்று, ஆஸ்திரியாவின் கையில் இருந்த போஸ்னியாவின் சரயேவோ நகரில், டிரைவர் தவறான தெருவில் திரும்பி வண்டியை நிறுத்திய இடத்தில், காவ்ரிலோ பிரின்சிப் என்ற 19 வயது போஸ்னிய செர்பியப் பையன் சுட்டுக் கொன்றது யாரை? போர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மனிதரையும் அவர் மனைவியையும்.

சரி, அந்தக் கொலையால்தான் போர் வந்ததா? தேதியைப் பாருங்கள். கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று சொல்லி ஆஸ்திரியா அதன்மேல் போர் அறிவித்தது ஜூலை 28. நடுவே முழுசாக ஒரு மாதம். ஆத்திரத்தில் ஓங்கிய கை என்றால் மறுநாளே ஓங்கியிருக்க வேண்டும். இங்கே சிப்பாய்கள் பலர் அறுவடை லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். ஹங்கேரிப் பிரதமர் டிஸா முதலில் சம்மதிக்கவில்லை. பிரெஞ்சு ஜனாதிபதி புவான்காரே ரஷ்யத் தலைநகரில் விருந்தாளியாக இருந்தார். அவர் இருக்கும்போது செர்பியாவுக்கு மிரட்டல் கடிதம் கொடுத்தால் ரஷ்யாவும் பிரான்சும் நேரிலேயே பேசி முடிவெடுத்துவிடும் என்று, அவர் கப்பலேறும்வரை காத்திருந்தார்கள். இழவு வீட்டுக் கோபமா இது? கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்ப்பதுபோல் அல்லவா பார்த்திருக்கிறார்கள்!

இவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது? வரப்புத் தகராறு பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் மட்டும் நின்றால் மண்வெட்டியை ஓங்குவதோடு போய்விடும். ஒருவனுக்குப் பின்னால் மாமன், இன்னொருவனுக்குப் பின்னால் பெரியப்பன் நின்றுகொண்டு 'நீ அடி, வருவதை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லும்போதுதான் ஊர் இரண்டாகும். ஜூலை 5 அன்று ஜெர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் ஆஸ்திரியாவுக்குச் சொன்னது அதுதான்: ரஷ்யா குறுக்கே வந்தாலும் நான் இருக்கிறேன். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக். போட்டுவிட்டு மறுநாள் நார்வே பக்கம் கப்பலில் உல்லாசப் பயணம் போய்விட்டார்.

செர்பியாவின் பெரியப்பன் ரஷ்யா. 1908-ல் போஸ்னியாவை ஆஸ்திரியா எடுத்துக்கொண்டபோது கையைப் பிசைந்துகொண்டு நின்ற அவமானம் ரஷ்யாவுக்கு இருந்தது. ரஷ்யாவுக்குப் பின்னால் 1871-ல் அல்சாஸ்-லொரெய்ன் பகுதியை ஜெர்மனியிடம் பறிகொடுத்த பிரான்ஸ். இவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த பிரிட்டனுக்கு ஜெர்மனி போர்க்கப்பல்களாகக் கட்டித் தள்ளுகிறதே என்ற எரிச்சல். பகை எல்லாம் பழையதுதான். அந்தப் பகையோடேயே 1905, 1911 மொராக்கோ தகராறுகளையும், 1912-13 பால்கன் போர்களையும் பெரிய தீயாகாமல் தாண்டிவந்தவர்கள் இவர்கள். தப்பித் தப்பிப் பழகிப்போனதால், இந்தத் தடவையும் எதிராளிதான் இறங்கிவருவான் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

ஜூலை 23 மாலை 6 மணிக்குக் கடிதம் போனது. பத்து நிபந்தனைகள், 48 மணி நேரக் கெடு. செர்பியா கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் இறங்கிவந்தது. தன் மண்ணில் நடக்கும் விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் கலந்துகொள்வதை மட்டும் ஏற்கவில்லை. கெடு முடிய ஆஸ்திரியத் தூதர் பதிலை ஒரு நோட்டம் விட்டார், மாலை ஆறரை மணி ரயிலைப் பிடித்தார். பெட்டி முன்பே கட்டியாகிவிட்டது. நார்வேயிலிருந்து திரும்பிய வில்ஹெல்ம் ஜூலை 28 காலையில் அந்தப் பதிலைப் படித்துவிட்டு, இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று எழுதிவைத்தார். அன்றைக்கே ஆஸ்திரியா தந்தி அடித்துப் போர் அறிவித்துவிட்டது. செக் கொடுத்தவர் யோசிக்க ஆரம்பித்தபோது பணம் எடுத்தாயிற்று.

இதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்குப் படிக்கப் படிக்கத் திகைப்பாக இருக்கும். கடிவாளம் மன்னர்கள் கையைவிட்டு ரயில்வே கால அட்டவணைக்குப் போனது. அந்தக் காலத்தில் படை திரட்டுவது என்றால் லட்சக்கணக்கான ஆட்களையும் குதிரைகளையும் நிமிஷக் கணக்கில் ரயிலேற்றுவது. முந்தியவனுக்கு லாபம், பிந்தியவனுக்கு நாசம் என்பது எல்லாத் தளபதிகளின் கணக்கு. ரஷ்ய ஜார் நிக்கோலஸும் வில்ஹெல்மும் உறவுக்காரர்கள். 'நிக்கி', 'வில்லி' என்று கையெழுத்திட்டு இரவோடு இரவாகத் தந்தி அனுப்பிக்கொண்டார்கள். அதில் மனம் இளகிய ஜார், ஜூலை 29 ராத்திரி முழுப் படைதிரட்டல் உத்தரவை ரத்து செய்தார். மறுநாளே அமைச்சரும் தளபதிகளும் பேசிப் பேசி மீண்டும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இந்த உத்தரவு கைக்கு வந்ததும் டெலிபோனை உடைத்துவிடுவேன், அப்புறம் யாரும் ரத்து செய்ய முடியாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார் ரஷ்யத் தலைமைத் தளபதி.

ஜெர்மனியின் கதை இதைவிட விநோதம். ரஷ்யா மெதுவாகத்தான் திரளும், அதற்குள் ஆறு வாரத்தில் பிரான்சை முடித்துவிட வேண்டும், அதற்கு பெல்ஜியம் வழியாகப் போக வேண்டும் என்பது அவர்கள் திட்டம். அதாவது, கிழக்கே இருப்பவன் ஆயுதத்தை எடுத்தால் மேற்கே இருப்பவனை அடிக்க வேண்டும்! ஆகஸ்ட் 1 மாலை, பிரிட்டனும் பிரான்சும் ஒதுங்கக்கூடும் என்பதுபோல் லண்டனிலிருந்து ஒரு தந்தி வந்தது. வில்ஹெல்முக்குச் சந்தோஷம், படையை அப்படியே கிழக்கே திருப்புங்கள் என்றார். முடியாது என்றார் தலைமைத் தளபதி மோல்ட்கே. ஒரு வருஷம் உட்கார்ந்து போட்ட அட்டவணை, 11,000 ரயில்கள், ஒன்றைத் தொட்டால் எல்லாம் குலையும். 'உங்கள் பெரியப்பா வேறு பதில் சொல்லியிருப்பார்' என்று சக்கரவர்த்தி குத்தினார். மோல்ட்கேயின் பெரியப்பா முன்பு அதே பதவியில் இருந்து பெயர் வாங்கியவர். (திருப்பியிருக்க முடியும் என்று ராணுவ ரயில்வே பிரிவின் தலைவரே பிற்பாடு எழுதினார். பிற்பாடு!) லண்டன் தந்தி தப்பான செய்தி என்று அன்று ராத்திரியே தெரிந்துவிட்டது. ஆகஸ்ட் 4-ல் ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைய, அதன் நடுநிலைமைக்கு 1839 ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்த பிரிட்டன் உள்ளே வந்தது.

இலை உதிர்வதற்குள் வீடு திரும்புவீர்கள் என்று சிப்பாய்களை வழியனுப்பினார் வில்ஹெல்ம். ஐந்து முறை இலை உதிர்ந்தது. ஒரு கோடிக்கு நெருக்கமாகச் சிப்பாய்கள் செத்தார்கள். செர்பியாவுக்குப் பாடம் புகட்டக் கிளம்பிய ஆஸ்திரியா-ஹங்கேரி என்ற நாடே 1918-க்குப் பிறகு வரைபடத்தில் இல்லை. 'ஒரே அடி' கான்ராட்? சண்டை தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, கிழக்குப் போர்முனையில் மகனைப் பறிகொடுத்தார்.

முறைத்துக்கொண்டவர்கள் எல்லாரும் அடித்துக்கொண்டுதான் ஆகவேண்டும் என்றும் இல்லை. 1999 கார்கிலில் இரண்டு பக்கமும் அணு ஆயுதம் இருந்தது. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டக் கூடாது என்று நம் விமானப்படைக்கு வாஜ்பாய் அரசு கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. மே மாதக் கடைசியில் அடுத்தடுத்து இரண்டு போர் விமானங்களும் ஒரு ஹெலிகாப்டரும் போயின. அப்போதும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. மலை உச்சிகளும் திரும்பக் கிடைத்தன.

கடைசியாக, நம்மை என்ன செய்யும் என்ற கேள்வி. 1914-ல் இந்தியாவை யாரும் கேட்கவில்லை. வைஸ்ராய் அறிவித்தார், நாமும் போரில் இருந்தோம். பத்து லட்சத்துக்கும் மேல் இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், எழுபதாயிரத்துக்கு மேல் திரும்பவில்லை. சரயேவோவில் துப்பாக்கி வெடித்த 86-ஆம் நாள், செப்டம்பர் 22 ராத்திரி, 'எம்டன்' என்ற ஜெர்மன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் போட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, சிலர் செத்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார்கள். 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது அந்த ராத்திரி நம் பேச்சுக்குள் வந்த வார்த்தை. சென்னைக்கு வந்தால் ஹைகோர்ட்டின் கிழக்குப் பக்கச் சுவரைப் பாருங்கள். குண்டு விழுந்ததற்கு அங்கே கல் வைத்திருக்கிறார்கள்.