கையெழுத்து உங்களுடையது

பிரசவ வார்டிலும் ஓ.பி.யிலுமாக முப்பது வருஷம் டெல்டாவின் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக நின்றவள் நான். கருக்கலைப்பு பற்றி என்னிடம் கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயர் இல்லை. போட்டிருந்தவர்களின் பெயரையும் நான் எடுத்துவிட்டேன். ஊர் மட்டும் இருக்கட்டும்.

வலங்கைமான் பக்கத்திலிருந்து: "சிஸ்டர், எனக்கு 34 வயது, இரண்டு பிள்ளைகள். ஸ்கேனில் எட்டு வாரம் என்கிறார்கள். இன்னொன்று வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரர் துபாயில். போன இடத்தில் அவர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்."

அவர் கையெழுத்து தேவையே இல்லை. 18 வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் ஒன்றே போதும் என்பது 1971-ல் வந்த மருத்துவக் கருக்கலைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. 2021 திருத்தத்திலும் அது மாறவில்லை. ஃபார்ம் சி என்ற சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கணவர் கையெழுத்துப் போட அதில் இடமே கிடையாது. கார்டியன் கையெழுத்து என்று ஒரு பகுதி இருக்கும். அது 18 வயது ஆகாதவர்களுக்கும் மனநோய் உள்ளவர்களுக்கும் மட்டும்.

அப்புறம் ஏன் கேட்கிறார்கள்? பயம்தான். நாளைக்கு அந்த ஆள் வந்து கவுன்ட்டரில் சத்தம் போட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம். இன்னொரு குழப்பமும் உண்டு. மயக்க மருந்து கொடுத்தால் வீட்டுக்குக் கூட்டிப் போக ஒரு துணை வேண்டும் என்போம். அந்தத் துணை, காலப்போக்கில் வார்டு வழக்கத்தில் 'வீட்டுக்காரர்' ஆகிவிட்டது. துணை வேறு, சம்மதம் வேறு. அக்காவோ பக்கத்து வீட்டு அம்மாவோ வந்தால் போதும்.

இதை ஏதோ வெளியிலிருந்து சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் "வீட்டுக்காரர் வந்திருக்காரா?" என்பதுதான் நான் கேட்கும் முதல் கேள்வி. அதைக் கேட்டு எழுந்து போனவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 'எனக்கு வேண்டாம்' என்ற சொல் மட்டும் நம் சட்டத்துக்குப் போதாது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து வேண்டும். ஆனால் குடும்பக் கட்டுப்பாட்டு முறை பலிக்காமல் கரு தரித்தது என்றால், அதனால் வரும் வேதனையையே மனநலப் பாதிப்பாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் செலவு இல்லை. தனியாரிடம் போனால், கருக்கலைப்புக்கு அனுமதி பெற்ற சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

திருத்துறைப்பூண்டி: "மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டால் என்ன? ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள்."

மாத்திரை கெட்டது இல்லை. சரியான வாரத்தில், சரியான முறையில் எடுத்தால் நல்ல, பாதுகாப்பான வழிதான். முதல் மாத்திரை கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனைத் தடுக்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து எடுக்கும் மாத்திரை கருப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றும். நம் நாட்டு விதிப்படி ஒன்பது வாரம் வரை, டாக்டர் சீட்டோடுதான் கொடுக்க வேண்டும்.

நான் பயப்படுவது மூன்று விஷயங்களுக்கு. முதலாவது வாரக் கணக்கு. நாள் தள்ளிப்போன தேதியிலிருந்து எண்ணக் கூடாது. கடைசியாகத் தீட்டு வந்த முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். "தள்ளி ஒரு மாசம்தான் ஆச்சு" என்கிறவருக்கு உண்மையில் எட்டு வாரம் ஆகியிருக்கும். இரண்டாவது, கரு குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதை ஒன்றும் செய்யாது. ரத்தம் போனதும் கலைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார், உள்ளே குழாய் வெடிக்கும். மூன்றாவது ரத்தசோகை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் அது உண்டு. நம் வயல்காட்டில் வேலை செய்பவர்களைச் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே வெளுத்துப்போன உடம்பு எவ்வளவு ரத்த இழப்பைத் தாங்கும்?

ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் முழுசாக நனைந்து, இரண்டு மணி நேரமாக அப்படியே போனாலோ, தாங்க முடியாத வயிற்று வலி, மயக்கம், விடாத காய்ச்சல், நாற்றமுள்ள வெள்ளைப்போக்கு இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலோ, 108-ஐக் கூப்பிடுங்கள். வந்ததும் மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டு விழலாம். வாங்கிக்கொள்ளுங்கள், சிகிச்சை தராமல் அனுப்பக் கூடாது.

பாபநாசம்: "எள்ளு, பப்பாளிக்காய் சாப்பிட்டால் கலைந்துவிடும் என்கிறார்களே?"

வாரம்தான் ஓடும். எருக்கங்குச்சி, நாட்டு மருந்து என்று யாராவது கிளம்பினால் அங்கே நிற்காதீர்கள். செப்டிக் ஆகி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், எல்லோரும் வீடு திரும்பவில்லை.

தஞ்சாவூர்: "கல்லூரி மாணவி, 20 வயது, கல்யாணம் ஆகவில்லை. எனக்கு உரிமை உண்டா? வீட்டுக்குத் தெரியவருமா?"

உண்டு. 2021 திருத்தம் 'கணவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'துணைவர்' என்று போட்டது. 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரையிலான விஷயத்திலும் கல்யாணம் ஆனவர், ஆகாதவர் என்று பிரிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் பெயரை வெளியே விட்டால், விட்டவருக்கு ஓராண்டு வரை சிறை. தயங்கித் தயங்கி வாரத்தை விட்டுவிடாதீர்கள் தங்கச்சி.

நீடாமங்கலம்: "நடவுக்குப் போகிறேன். கலைத்த பிறகு எத்தனை நாள் ஓய்வு வேண்டும்? காப்பர் டி போட்டால்தான் செய்வோம் என்று வேறு சொல்கிறார்கள்."

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் அதிக நேரம் ஆனது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கடை, நிறுவனங்களில் இருக்கும் பெண்ணுக்கு, மகப்பேறு நலச் சட்டம் (1961-ல் வந்தது; 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இருக்கிறது) கருக்கலைப்புக்குப் பிறகு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்புத் தருகிறது. பலருக்கு இது தெரியவே தெரியாது. சேற்றில் குனிந்து நாற்று நடும் உங்களுக்கு அந்தச் சட்டத்தில் ஒரு நாள் கூடக் கிடையாது. ஒரே உடம்பு, ஒரே ரத்தம். ஒருத்திக்கு ஆறு வாரம், இன்னொருத்திக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு வயல். ஆரோக்கியத்தில் சமத்துவம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதை வைத்துப் பேசட்டும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். சீக்கிரமே, சிக்கலில்லாமல் முடிந்திருந்தால் இரண்டு மூன்று நாளில் வீட்டு வேலை செய்யலாம். ரத்தப்போக்கு ஓரிரு வாரம் விட்டுவிட்டு இருக்கும். அது அடங்கும்வரை தேங்கிய தண்ணீரில் இறங்கி வேலை செய்யாமல் இருந்தால் நல்லது. முடியாது என்றால் கரைமேல் செய்கிற வேலையாகக் கேட்டுப் பாருங்கள். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்தைப் பாதுகாக்கும் ஆன்டி-டி ஊசி பற்றி நீங்களே கேளுங்கள்.

காப்பர் டி நல்ல சாதனம், ஆனால் நிபந்தனை கிடையாது. அதற்குத் தனிச் சம்மதம் வேண்டும். கலைத்த இரண்டு வாரத்துக்குள்ளேயே மறுபடி கரு தரிக்கலாம் என்பதால்தான் நாங்கள் வற்புறுத்துகிறோம். வற்புறுத்துவது வேறு, மிரட்டுவது வேறு.

வேதாரண்யம்: "22 வாரத்தில் ஸ்கேன் எடுத்தபோது குழந்தைக்குப் பெரிய குறை என்றார்கள். கோர்ட்டுக்குத்தான் போக வேண்டுமா?"

24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் சேர்ந்து முடிவு செய்யலாம், கோர்ட் வேண்டாம். அதைத் தாண்டினால், கடுமையான குறைபாட்டுக்கு மருத்துவ வாரியம் மூன்று நாளில் கருத்துச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நாளைக்கே கிளம்புங்கள்.

மயிலாடுதுறை: "மகளுக்கு 16 வயது. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்று பயமாக இருக்கிறது."

தகவல் போகும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி ஆஸ்பத்திரி அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் நானே மேலே சொன்ன அந்த 2022 தீர்ப்பில், பிள்ளையும் கார்டியனும் கேட்டுக்கொண்டால் டாக்டர் அந்தத் தகவலில் அவள் பெயர், அடையாளம் தர வேண்டியதில்லை என்று இருக்கிறது. இதை அங்கே வாய்விட்டுக் கேளுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், அவளிடமும் தனியாகப் பேச விடுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் பேசலாம். போலீசுக்குப் பயந்து வீட்டிலேயே வைத்துக்கொள்வதுதான் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து.

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்: "அக்கா, எனக்கு இது பாவம் என்றே தோன்றுகிறது. ஆனால் டியூட்டி. என்ன செய்ய? உலக சுகாதார நிறுவனம் நர்ஸ்களே மாத்திரை தரலாம் என்று சொன்னதாக ஒரு டீச்சர் சொன்னார். அது நிஜமா?"

இரண்டாவதற்கு முதலில். நிஜம்தான். பயிற்சி பெற்ற நர்சுகளும் மிட்வைஃப்களும் ஆரம்ப வாரங்களில் செய்யலாம் என்பது அவர்களின் 2022 வழிகாட்டுதல். நம் சட்டத்தில் பதிவு பெற்ற டாக்டர் மட்டும்தான். மீறினால் இரண்டிலிருந்து ஏழு வருஷம் சிறை. மாறினால் நல்லது என்பது என் எண்ணம், டாக்டர் இல்லாத நாளில் பெண்கள் திரும்பிப் போவதைப் பார்த்த எண்ணம். மாறும்வரை சட்டம் சட்டம்தான்.

இனி அந்தப் பாவம். உன் மனசை நான் மாற்றப் பார்க்க மாட்டேன். இங்கிலாந்தின் 1967 சட்டம், மனசாட்சி ஒப்பாதவர் ஒதுங்கலாம் என்று இடம் தருகிறது; அங்கேயும் தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் ஒதுங்க முடியாது. இங்கே உன் மேலதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி டியூட்டியை மாற்றிக் கேட்கலாம். நோயாளி வந்து நின்ற பிறகு முகத்தில் காட்டக் கூடாது. ரத்தப்போக்கோடு வந்தவளிடம் ஒதுங்குவது என்பதே கிடையாது.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில், கூட்டம் நிறைந்த ஓ.பி.யில், "டி.என்.சி கேஸ் யாரும்மா?" என்று, கருப்பையைச் சுத்தம் செய்ய வந்தவளைச் சத்தமாகக் கூப்பிட்டேன். ஒரு பெண் எழுந்தாள், பெஞ்ச் முழுவதும் அவளைப் பார்த்தது. என்னிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, வேலை அவசரம். ஆனால் அவளுக்கு அதற்குப் பிறகு ஊரில் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது.

விதிகளில் இதற்கு வழி இருக்கிறது. அவள் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்க வேண்டும். கேஸ் ஷீட், ஆபரேஷன் தியேட்டர் ரிஜிஸ்டர் எதிலும் பெயர் கூடாது, வரிசை எண்தான். சம்மதப் படிவத்தை உறையில் போட்டு ஒட்டி, 'ரகசியம்' என்று எழுதி, அந்த எண்ணைப் போட்டு வைக்க வேண்டும். நாளைக்கு டியூட்டிக்குப் போனதும் உங்கள் நிலையத்தில் அந்த ரிஜிஸ்டர் எங்கே இருக்கிறது, யார் கைக்கு எட்டுகிறது என்று பார்.