ஜுபைலுக்கு ஷட்டவுன் வேலைக்கு வர்ற தம்பிக்கு

மக்கா, உன் கேள்விய பாத்தேன். ஐ.டி.ஐ ஃபிட்டர் முடிச்சிருக்க, சவுதி ஜுபைல்ல ஷட்டவுன் வேலைக்கு, அதாவது பிளான்ட்ட நிறுத்திப் போட்டு ரிப்பேர் பாக்குற வேலைக்கு, ஹெல்பர் விசா வந்திருக்கு, ரூம் எப்படி, சாப்பாடு எப்படி, ஓவர்டைம் உண்டா, ஊர்ல இருந்து என்னெல்லாம் கட்டிக் கொண்டு வரணும், வேலை ஆபத்தா இருக்குமான்னு கேட்டிருக்க. ரூமும் சாப்பாடும் கம்பெனிக்கு கம்பெனி மாறும், அத அங்க ஏற்கனவே இருக்குறவன்கிட்ட கேட்டுக்க. ஓவர்டைம் கணக்கு சொல்ல கேம்புல நூறு பேர் இருப்பாங்க. கடைசியா ஒரு வரி போட்டிருக்க பாரு, ஆபத்தான்னு, நான் அதுக்குத்தான் பதில் சொல்லப் போறேன், ஏன்னா 2006ல திருவனந்தபுரத்துல பிளைட் ஏறும்போ எனக்கு அத யாரும் சொல்லித் தரல.

வந்து ரெண்டாவது மாசம். 24 இன்ச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பைப், வெல்டிங் நடக்குது. உள்பக்கம் ரூட், அதாவது வெல்டோட அடிப்பகுதி, கருகாம இருக்க பைப்புக்குள்ள ரெண்டு பக்கமும் அடைச்சிட்டு ஆர்கான் கேஸ் விடுவாங்க, பர்ஜிங்னு பேரு. ஜாயிண்ட் முடிஞ்சதும் ஃபோர்மேன், அவரும் நம்ம ஜில்லாக்காரர்தான், லேய் உள்ள போயி அந்த அடைப்ப எடுத்துட்டு வான்னாரு. நான் தலைய ஆட்டிட்டு ஊர்ந்து உள்ள போனேன். ஆர்கானுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, காத்த விட கனம் கூடுதல், அடியில அப்படியே கெடக்கும். மூச்சு முட்டும் அப்ப வெளிய வந்துரலாம்னு தான எல்லாரும் நெனைப்போம், முட்டவே முட்டாது மக்கா. ஒடம்புல கார்பன் டை ஆக்சைடு ஏறினாத்தான் மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், ஆர்கான இழுத்து இழுத்து விடும்போ அது வெளிய போயிட்டே இருக்கு, ஆக்சிஜன் மட்டும் உள்ள வரல. தூக்கம் வர்ற மாதிரி இருந்துச்சு, கை வழுக்குச்சு, அவ்வளவுதான் ஓர்மை. ஒரு பிலிப்பைனி வெல்டர் வெளிய நின்னபடியே என் ரெண்டு காலையும் பிடிச்சு இழுத்துப் போட்டிருக்கான். அவன் உள்ள நுழைஞ்சிருந்தா ரெண்டு பொணம். ஊர்ல செப்டிக் டேங்க்ல ஒருத்தன் விழுந்தா காப்பாத்தப் போற அடுத்தவனும் விழுறான்ல, அதே கதைதான்.

இதுல எனக்கு இன்னைக்கும் ஆறாதது என்னன்னா, இது எனக்கு தெரியாத விஷயமே இல்ல. எங்க தாத்தா கிணறு தூர் வாரப் போற ஆளு, அரிக்கேன் வெளக்க கயித்துல கட்டி மொதல்ல உள்ள எறக்குவாரு, வெளக்கு அணைஞ்சா அன்னைக்கு ஆரும் எறங்க மாட்டாங்க. அத சின்ன வயசுல பாத்து வளந்தவன் நான். இங்க வெளக்கு கொண்டு போனா வெடிச்சிரும், அதுக்குப் பதிலாத்தான் கேஸ் மீட்டர் வச்சு ஆக்சிஜன், தீப்பிடிக்கிற கேஸ், ஹெச்2எஸ்ங்கிற விஷ கேஸ் (ஹைட்ரஜன் சல்பைடு), கார்பன் மோனாக்சைடு நாலையும் பாக்குறாங்க. காத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம், 19.5க்கு கீழ போனா யாரு சொன்னாலும் உள்ள போகாத. வெசலோ (பிளான்ட்ல உள்ள பெரிய கலன்) டேங்கோ பைப்போ, வாசல்ல உள்ள போக அனுமதிச் சீட்டு, பெர்மிட், தொங்குதா, அதுல இன்னைக்கு கேஸ் டெஸ்ட் எழுதியிருக்கா, உள்ள போறவன வெளிய நின்னு கவனிக்கிற ஹோல் வாட்ச் ஆளு நிக்கிறானா, மூணையும் உன் கண்ணால பாத்த பொறவு தலைய உள்ள விடு.

ஹெச்2எஸ் பத்தி தனியா சொல்லணும். கெட்டுப்போன முட்டை மணம் அடிக்கும்னு டிரெயினிங்ல சொல்லுவாங்க, சரிதான், ஆனா 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல நூறு பங்கு) பக்கம் போனா மூக்கு செத்துரும், மணம் நின்னுரும். மணம் போச்சு கேஸ் போச்சுன்னு நின்னவன் விழுந்திருவான். மீட்டர் அலறுனா கையில உள்ளத போட்டுட்டு காத்துத் திசை காட்டுற கொடிய பாரு, காத்துக்கு குறுக்கா ஓடி பொறவு காத்து வர்ற பக்கமா மேல போ, காத்து போற பக்கம் போகாத. ஆரல்வாய்மொழி காத்தாலை காத்தாடிய பாத்து வளந்த நமக்கு காத்து எந்தப் பக்கம்னு தெரியாதா என்ன.

கிரைண்டர்ல டிஸ்க்க மூடுற கார்டு (guard) கழட்டாத, டிஸ்க்ல எக்ஸ்பைரி போட்டிருக்கும் பாத்து மாட்டு, இதெல்லாம் ஐ.டி.ஐல சொல்லியிருப்பாங்க. வெயில மட்டும் லேசா எடுக்காத. ஊர்லயும் வெயில்தானேன்னு வர்றவன்தான் மொத வாரத்துல சாய்றான், ஜுபைல் கடலோரம், வேர்வை காயவே காயாது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்கும் 12 மணியில இருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு இங்க சட்டம் இருக்கு, ஆனா எல்லா வேலைக்கும் அது பொருந்தாது, உன் வேலைக்கு உண்டான்னு வந்ததும் கேளு. கால் மணிக்கு ஒரு கிளாஸ் தண்ணி, தாகம் எடுக்காட்டியும் குடிக்கணும்.

நம்ம ஆளுக மேலதான் எனக்கு கோவம். இருவது வருசம் ஆச்சு எனக்கு ஒண்ணும் ஆவலையே, சேஃப்டி பாத்தா வேலை முடியுமான்னு புதுசா வர்றவன கேலி பண்ணுவான். எங்க அம்மை கருங்கல் பக்கம் அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஃபேக்டரியில, முந்திரிக்கொட்டை தோடு ஒடச்சவ, அந்தத் தோட்டு எண்ணெய் பட்டு விரல் தொலி எல்லாம் வெந்து உரியும், சாம்பல தடவிட்டு மறுநாளும் போவா. ஒரு கையுறை கேட்டிருக்கலாமேன்னு பொறவு நான் கேட்டப்ப, கேட்டா நாளைக்கு வரவேண்டாம்னு சொல்லிருவாங்க மோனேன்னா. அந்தப் பயத்த நாம பிளைட்ல கூடவே கொண்டு வந்து எறங்குறோம். ஃபோர்மேன் தெரியுமான்னு கேட்டா தெரியும்னு தலையாட்டுறோம். நான் இப்ப எட்டு வருசமா பெர்மிட் எடுக்குற ஆளு, என் குரூப்புல புது பையன் தெரியாது அண்ணேன்னு சொன்னா அவனுக்குத்தான் மொதல்ல சாயா. அப்படிச் சொன்ன ஒருத்தனையும் நான் திருப்பி அனுப்புனது கிடையாது.

ஷூ வாங்கிட்டு வராத, கம்பெனி தரணும், அளவு சரியில்லன்னா மாத்தித் தரச் சொல்லு. கொண்டு வரதுன்னா நெத்திலி கருவாடு கொஞ்சம் கொண்டு வா. அன்னைக்கு என்ன இழுத்துப் போட்டானே அந்த வெல்டர், மத்தியானம் பக்கத்துல உக்கார வச்சு அவன் சோத்துல பாதிய தந்தான், கூட பொரிச்ச கருவாடு, கொளச்சல் கருவாடு மாதிரியே இருந்துச்சு. நான் சாப்பிடாம அழுதுட்டே இருந்தேன், அவன் ஒண்ணும் கேக்காம என் ஹெல்மெட்ட தொடச்சு வச்சான்.