வீட்டில் வாயாடி, வகுப்பில் மௌனம்

கேள்வி: என் மகளுக்கு நாலரை வயது. வீட்டில் ஓயாமல் பேசுகிறாள். மழலையர் பள்ளியில் சேர்ந்து 3 மாதமாகிறது, அங்கே ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நகம் கடிக்கிறாள், விரல் சூப்புகிறாள். பள்ளி மனநலக் குழுவிடம் காட்டச் சொல்கிறார் டீச்சர். இணையத்தில் ஆட்டிசம் என்கிறார்கள். இரவில் அலர்ஜி சிரப் கொடுத்துத் தூங்கவைக்கிறேன்.

பதில்: சிரப்பை இன்றோடு நிறுத்துங்கள். அது மறுநாள் வகுப்பிலும் பிள்ளையை மந்தமாக்கும். சில குழந்தைகளுக்குத் தூக்கத்துக்குப் பதில் படபடப்புதான் வரும். நகத்தையும் விரலையும் கண்டுகொள்ளாதீர்கள்.

மனநலக் குழு என்றதும் முத்திரை குத்திவிடுவார்களோ என்று பயப்படுகிறீர்கள். முத்திரையைக் கூடப் படிக்கும் பிள்ளைகளே குத்துவார்கள். “அவ பேச மாட்டா” என்று வகுப்பே சொல்லப் பழகிவிட்டால், பிறகு வாய் திறப்பது அவளுக்கு இன்னும் கஷ்டம்.

புதுப் பள்ளியில் முதல் மாதம் பேசாமலிருப்பது சகஜம். அதன் பிறகும் வீட்டில் சரளம், பள்ளியில் மௌனம் என்று நீடித்தால் ‘செலக்டிவ் மியூட்டிசம்’ என்ற பதற்றக் கோளாறா என்று பார்த்தாக வேண்டும். இது பிடிவாதமல்ல, பேச நினைத்தாலும் வாய் வராது. ஆட்டிசமா என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும், தேடுபொறி அல்ல. காது கேட்கும் திறனையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

இதற்கு வைத்தியம் நடக்க வேண்டிய இடம் பள்ளிதான். அதனால் குழுவுக்குச் சம்மதம் சொல்லுங்கள். பள்ளி தொடங்குமுன் காலி வகுப்பறையில் நீங்களும் அவளும் 15 நிமிடம் விளையாடுங்கள். அவள் தாராளமாகப் பேசத் தொடங்கிய பிறகு டீச்சர் உள்ளே வந்து, அவளைப் பார்க்காமல் தன் வேலையைப் பார்க்கட்டும். சில நாள் கழித்துப் பக்கத்தில் உட்காரட்டும், பிறகு விளையாட்டில் சேரட்டும். அப்புறம் “சிவப்பா, நீலமா?” என்று கேட்டுவிட்டு 5 விநாடி சும்மா இருக்க வேண்டும். அந்த 5 விநாடியில்தான் பெரும்பாலும் காரியம் கெடுகிறது: பொறுக்காமல் அம்மாவே பதில் சொல்லிவிடுவார். டீச்சரிடம் பேச ஆரம்பித்த பிறகு நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகுங்கள், ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் வார்த்தை வந்ததும் கைதட்டி ஆர்ப்பாட்டம் வேண்டாம், மறுபடி அடங்கிவிடுவாள். “பேசினால்தான் சாக்லேட்” என்பதும் கூடாது.

வீட்டிலும் பேச்சு குறைந்தாலோ, தெரிந்த வார்த்தைகள் மறைந்தாலோ குழுவுக்காகக் காத்திருக்காமல் உடனே குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று, பள்ளியில் கழிப்பறை போகிறாளா என்று டீச்சரிடம் விசாரியுங்கள். கேட்க வாய் வராமல் சிறுநீரை அடக்கும் பிள்ளைகள் உண்டு, அது தொற்றில் கொண்டுபோய் விடும். காட்டிக் கேட்க நாளைக்கே ஒரு பட அட்டை கொடுத்தனுப்புங்கள்.